நிறமும் சாதியும் பேசும் கவிதைக்குக் குரலும் பியானோவுமாக மெட்டமைப்பது எப்படி?

கவிதை படிப்பீர்கள். பியானோவோ கீபோர்டோ ஓரளவு வாசிக்க வரும். இனவெறியைப் பற்றிய ஒரு கவிதை மனத்தில் தைத்துவிட்டது. அதைப் பாட்டாக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் இவர்கள் நிறையவே இருக்கிறார்கள்: தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர்கள், மேற்கத்திய இசையில் கிரேடு தேர்வுகள் எழுதிய கல்லூரி மாணவர்கள், கர்நாடக இசை கற்றுக்கொண்டு பிறகு கீபோர்டுக்கு வந்தவர்கள். தேவை ஒரு குரலும் ஒரு பியானோவும்தான். இசைக்குழுவும் வேண்டாம், ஸ்டூடியோவும் வேண்டாம்.

நான் சொல்லப்போகும் எல்லா யோசனைகளும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன. கவிதை எந்தக் காயத்தை ஆற்றாமல் திறந்து வைத்திருக்கிறதோ, அதை இசை தடவிக்கொடுத்து மூடிவிடக் கூடாது. நிறத்தாலும் பிறப்பாலும் அவமதிக்கப்பட்டவர் எழுதிய வரியை எடுத்து, கேட்பவர் கண்ணீர் விட்டு மனம் லேசாகி வீடு திரும்பும்படி இனிமையாக்குவது மிக எளிது. பியானோ அதற்கு உடனே ஒத்துழைக்கும். அந்த எளிமையிலிருந்து கவிதையைக் காப்பாற்றுவதுதான் மெட்டமைப்பவரின் வேலை.

முதலில் கேளுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் சில வாரங்கள் கேட்பதற்கு ஒதுக்குங்கள். அமெரிக்கக் கறுப்பின இசையமைப்பாளர்கள் இந்த வடிவத்தில் நூறாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கிறார்கள். ஹாரி பர்லீ (1866–1949) அடிமைகளாக இருந்தவர்களின் பக்திப் பாடல்களைத் தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதி, கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். ஃபுளோரன்ஸ் பிரைஸ் (1887–1953) லாங்ஸ்டன் ஹியூஸ், பால் லாரன்ஸ் டன்பர் ஆகியோரின் கவிதைகளுக்கு மெட்டமைத்தார். மார்கரெட் பாண்ட்ஸ் (1913–1972) நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கறுப்பினத்தவர் என்பதால் வளாகத்தில் தங்க அனுமதிக்கப்படவில்லை. அந்த நாட்களில் நூலகத்தில் ஹியூஸின் ஆறுகளைப் பற்றிய கவிதையைப் படித்ததுதான் தன்னைத் தாங்கியது என்று அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். அந்தக் கவிதைக்கு அவர் அமைத்த பாடல் 1942-இல் அச்சாகியது. 1959-இல் ஹியூஸின் மூன்று கவிதைகளைக் கோத்து ஒரு பாடல் தொகுப்பும் எழுதினார். இவர்களின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு பாடலை முதலில் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அடுத்த முறை குரலை மறந்து பியானோவை மட்டும் கவனியுங்கள். பியானோ எங்கே பேசுகிறது, எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று பென்சிலால் குறியுங்கள்.

இது நமக்கு அந்நியமான வரலாறு என்று நினைக்க வேண்டாம். 1939 ஏப்ரல் 9 அன்று மரியான் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகி வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, ஒரு பியானோவின் துணையோடு, சுமார் 75,000 பேர் முன்னிலையில் பாடினார். நகரின் பெரிய அரங்கம் அவருடைய நிறத்துக்காகக் கதவைச் சாத்தியிருந்தது. அன்று அவர் பாடியவற்றில் ஃபுளோரன்ஸ் பிரைஸ் அமைத்த பாடலும் ஒன்று. அதே ஆண்டு ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயரின் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கனும் மற்றவர்களும் நம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். இடையில் மூன்றே மாதம். அங்கே சாத்திய கதவு, இங்கே திறந்த கதவு. என்னிடம் வரும் மாணவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்தே சொல்கிறேன். அதன் பிறகு அவர்கள் ஆண்டர்சனைக் கேட்கும் விதம் மாறிவிடுகிறது.

இன்னொரு கண்ணியும் உண்டு. 1834-இல் மதுரையில் மிஷன் தொடங்கியது பாஸ்டனைச் சேர்ந்த அமெரிக்க மிஷனரி வாரியம். அமெரிக்கன் கல்லூரி அந்த மிஷனிலிருந்து 1881-இல் பிறந்தது. அதே வாரியம் அடிமை முறையை எதிர்ப்பதில் உறுதி காட்டவில்லை என்று அதிருப்தி அடைந்தவர்கள் 1846-இல் தனிச் சங்கம் கண்டார்கள். அந்தச் சங்கத்தார் 1866-இல் நாஷ்வில்லில் நிறுவிய கல்விக்கூடம்தான் இன்றைய ஃபிஸ்க் பல்கலைக்கழகம். அதன் ஜூபிலி பாடகர்கள்தாம் 1871 முதல் ஊர் ஊராகச் சென்று கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களை உலகறியச் செய்தார்கள். நம் ஊருக்கு மிஷனை அனுப்பிய அமைப்பின் கதையும் அந்தப் பாடல்களின் கதையும் ஒரே இடத்தில் பிரிந்தவை.

கவிதையைத் தேர்ந்தெடுப்பது

சிறிய கவிதையாக எடுங்கள். எட்டு வரியிலிருந்து பதினாறு வரி வரை போதும். படிக்கும் நேரத்தைவிடப் பாடும் நேரம் இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, கவிதைக்குள் பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு சுரமும் எழுத வேண்டாம். ‘நான்’ என்று பேசும் கவிதையைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ‘அவர்கள் பாவம்’ என்ற தொனியில் தூர நின்று எழுதிய கவிதைகள் பாட்டாகும்போது இரக்கம் சொட்டும். இரக்கம் கேட்பவரை மேலே உட்கார வைத்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் கவுன்டே கல்லன் 1925-இல் வெளியிட்ட தொகுப்பில் பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்று இருக்கிறது. எட்டு வயதுச் சிறுவன் பால்டிமோர் நகருக்கு வருகிறான். மகிழ்ச்சி பொங்க வண்டியில் போகும்போது, தன்னைவிடப் பெரியவனல்லாத உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் முறைத்துப் பார்ப்பதைக் காண்கிறான். இவன் சிரிக்கிறான், அவன் நாக்கை நீட்டி, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லால் அழைக்கிறான். மே மாதம் முதல் டிசம்பர் வரை அந்த நகரத்தில் இருந்தும், இவனுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். இதை எழுதியிருக்கும் யாப்போ குழந்தைப் பாட்டின் துள்ளல் யாப்பு. அந்த முரண்தான் கவிதையின் உயிர். துயர ராகம் போட்டால் முரண் செத்துப்போகும். துள்ளல் மெட்டையே வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்குப் பிறகு அதே மெட்டு அதே வேகத்தில் திரும்பி வரும்போது கேட்பவரால் அதை முன்போலக் கேட்க முடியாமல் செய்ய வேண்டும்.

தமிழில் தேடுவோர் சித்தர் பாடல்களிலிருந்து தொடங்கலாம். சிவவாக்கியர் ‘சாதியாவது ஏதடா’ என்று கேட்கும் பாடலின் சந்தமே பாதி இசை. இன்றைய தலித் கவிஞர்களின் தொகுப்புகளை நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம்; தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது வாங்கலாம். நிறவெறியையும் சாதியையும் ஒன்று என்று குழப்ப வேண்டாம். இரண்டின் வேரும் வரலாறும் வேறு. ஆனாலும் விருந்தினர் வரும்போது தன்னைச் சமையலறைக்கு அனுப்புகிறார்கள் என்று ஹியூஸ் எழுதியதை, தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அவரை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்’ என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்த கிங், யோசித்துப் பார்த்து, அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டதாகப் பின்னர் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

உரிமை

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். டன்பர் 1906-இலும் கல்லன் 1946-இலும் இன்னொரு கறுப்பினக் கவிஞரான கிளாட் மெக்கே 1948-இலும் மறைந்தவர்கள். இங்கே அவர்களின் வரிகளைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஹியூஸ் இறந்தது 1967. ஆகவே 2027 முடியும்வரை அனுமதி தேவை. வெளிநாட்டில் பதிப்பிப்பதானால் அந்தந்த நாட்டு விதியைப் பாருங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளுக்குத் தடையில்லை. மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாழும் கவிஞர் என்றால் கடிதம் எழுதிக் கேளுங்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தன் வாழ்க்கையின் அவமதிப்பைக் கவிதையாக்கியவருக்கு, அது எந்தக் குரலில், எந்த மேடையில் ஒலிக்கப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

உரக்கப் படித்து அசை பிரிப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பியானோவைத் திறக்காதீர்கள். கவிதையை நின்றுகொண்டு உரக்கப் படியுங்கள். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். எந்தச் சொல்லில் மூச்சு வாங்குகிறீர்கள், எங்கே குரல் தானாக உயர்கிறது, எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெட்டு அந்தக் குறிப்புகளில் ஏற்கெனவே பாதி இருக்கிறது.

பயிற்சிக்காக நானே நான்கு வரி எழுதித் தருகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கறுப்பென்று சொன்னாய், கேட்டேன்.
கதவடைத்துச் சொன்னாய், நின்றேன்.
என் பெயரை ஒருமுறை சொல்.
நான் திரும்பிப் பார்க்கிறேன்.

முதல் வரியை அசை பிரித்தால் கறுப்/பென்/று சொன்/னாய் கேட்/டேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்ற பழைய கணக்கு மெட்டமைப்பவருக்கு இன்றும் கைகொடுக்கும். ‘கறுப்’ என்பதில் ப் வந்து ஒலியை அடைக்கிறது. அந்த அடைப்பின் மேல் குரலை நீட்ட முடியாது. அதை நீட்டாதீர்கள், வெட்டுங்கள். அடுத்து வரும் ‘று’ குற்றியலுகரம். அதற்கு முழு மாத்திரைகூடக் கிடையாது. புதியவர்கள் பலர் வரியின் ஓட்டத்தில் இந்த ‘று’வை நீண்ட சுரத்தின் மேல் உட்கார வைத்துவிடுவார்கள். பாடும்போது அது ‘றூ’ என்று ஒலித்து, சொல் தமிழாகவே இருக்காது.

நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் நான் வைப்பது இப்படி. முதல் எண்ணில் ‘கறுப்’ இரண்டு அரைகளாக. இரண்டாம் எண்ணில் முக்கால் ‘பென்’, கால் ‘று’. மூன்றாவதில் ‘சொன்’, நான்காவதில் ‘னாய்’. அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) முதல் எண்ணில் குரல் இல்லை, பியானோ மட்டும். பிறகு ‘கேட்’, ‘டேன்’. அந்த ஓர் எண் மௌனம்தான், சொல் வந்து விழுந்ததற்கும் கேட்டவர் அதைச் சொல்வதற்கும் இடையே உள்ள தூரம்.

மூன்றாம் வரியின் கடைசியில் வரும் ‘சொல்’ பெரிய சபலம். கட்டளைச் சொல், வரியின் முடிவு, உச்ச சுரத்தில் ஏற்றி நீட்டலாமே என்று தோன்றும். ஆனால் அது குறில். சொல்லும்போது சட்டென்று முடிகிறது. நீட்டினால் கட்டளை கெஞ்சலாகிவிடும். குறுகிய சுரம் கொடுத்து, பியானோவையும் அங்கேயே நிறுத்துங்கள். நீட்ட வேண்டிய இடம் அடுத்த வரியின் ‘நான்’. ஆகாரம் உயர்ந்த சுரத்தில் எளிதாகத் திறக்கும். இகரமும் உகரமும் உச்சத்தில் தொண்டையை இறுக்கும். முடிந்தவரை அவற்றுக்கு உச்ச சுரம் கொடுக்காதீர்கள்.

ஆங்கிலக் கவிதையை ஆங்கிலத்திலேயே எடுத்தால் கணக்கு மாறும். அங்கே மாத்திரையைவிட அழுத்தம் முக்கியம். கல்லனின் கடைசிப் பகுதியில் ‘டிசம்பர்’, ‘ரிமெம்பர்’ என்று இயைபு வருகிறது. இரண்டிலும் நடு அசையே அழுந்தும். ஆகவே ‘ரி’ தாளத்துக்கு முன்னால் எடுப்பாகவும் ‘மெம்’ முதல் எண்ணிலும் விழ வேண்டும். தமிழ் வழக்கத்தில் சொல்லின் முதல் அசையை எண்ணின் மேல் வைத்தால் ஆங்கிலம் தெரிந்த காதுக்கு அது உடனே இடறும்.

சுருதியும் ராகமும்

யார் பாடப்போகிறார் என்று தெரிந்த பிறகே சுருதியை முடிவு செய்யுங்கள். பெண்கள் பலருக்கு ஐந்தரை, ஆறு கட்டை ஒத்துவரும். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஆறு கட்டை என்றால் பியானோவில் ஏ. அதை ஷட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் நடபைரவியின் சுரங்கள் கிடைக்கும். புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். நிஷாதத்தை மட்டும் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டைக்குக் கொண்டுபோனால் கீரவாணி. கறுப்பின பக்திப் பாடல்கள் பலவும் ஐந்து சுரங்களில் நிற்பவை. நமக்கு மோகனமாகவும் சுத்த தன்யாசியாகவும் அவை காதில் விழும். அந்த ஒற்றுமையைப் பயன்படுத்தலாம்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகமே உயிரான ராகங்களை இங்கே கொண்டுவர வேண்டாம். தோடியின் காந்தாரத்தைப் பியானோவின் எந்தக் கட்டையும் தராது. குரல் அசைந்துகொண்டிருக்க, பியானோ ஒரே இடத்தில் நிற்க, இரண்டும் உரசும். அந்த உரசலை வேண்டுமென்றே ஓரிடத்தில் பயன்படுத்தலாம் என்பது தேர்ந்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம். குரலின் எல்லையை முதல் பாடலில் ஒன்றேகால் ஸ்தாயிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உச்ச சுரம் பாடல் முழுவதிலும் ஒரே ஒருமுறை வரட்டும்.

சோகக் கவிதை என்பதால் மைனர் என்று உடனே போய்விடாதீர்கள். ஹியூஸின் சமையலறைக் கவிதையில் பேசுபவர் அழவில்லை. சிரிக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், வலிமை பெறுகிறார், நாளை மேசையில் உட்காருவேன் என்கிறார். அதற்கு ஒப்பாரி மெட்டுப் போட்டால் கவிஞர் சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னவர்கள் ஆவோம்.

பியானோ என்ன செய்ய வேண்டும்?

முதலில் இது யாருடைய வாத்தியம் என்ற கேள்வியை எதிர்கொள்ளுங்கள். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர், ஒடுக்கப்பட்ட மக்களின் வழிபாட்டுக்கு அவர்களின் நாட்டுப்புற இசையே உரியது என்று வாதாடி, அந்த இசையிலேயே வழிபாட்டு முறைகளையும் அமைத்தார். செவ்வியல் இசை, அது கர்நாடகமானாலும் மேற்கத்தியமானாலும், மேட்டுக்குடியின் இசை என்ற அவருடைய விமர்சனம் மதுரையில் பியானோ முன் உட்காரும் ஒவ்வொருவருக்குமானது. என் பதில் இதுதான்: கறுப்பின இசையமைப்பாளர்கள் தங்களை வெளியே நிறுத்திய மேடைகளின் வாத்தியத்தையே எடுத்துத் தங்கள் கவிஞர்களுக்காகப் பேச வைத்தார்கள். நாமும் செய்யலாம். ஆனால் பியானோ தன் பெருமையைக் காட்டிக்கொள்ள அங்கே இடமில்லை. கவிதை முழுதாகக் கேட்க வேண்டும். ஒரு சொல்லாவது பியானோவில் மூழ்கினால் பியானோவைக் குறையுங்கள்.

பறையின் அடவுகளைப் பியானோவின் கீழ்ப்பகுதியில் தட்டிக் காட்டும் ஆசை பலருக்கு வருகிறது. கவிதையில் பறை இல்லாதபோது அது வெறும் ஒப்பனை. பறை வேண்டுமென்றால் பறை வாசிப்பவரை மேடைக்கு அழையுங்கள். பெயர் போடுங்கள், சம்பளம் கொடுங்கள்.

என் நான்கு வரிக்கு நான் வாசிப்பது இவ்வளவுதான். இடது கையில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒருமுறை, மெதுவாக. காந்தாரம் இல்லாததால் மேஜரா மைனரா என்று காதுக்குத் தெரியாது. முதல் இரண்டு வரிகளும் அந்த முடிவில்லாத நிலத்தில் நிற்கும். வலது கை மடியில் இருக்கும். மூன்றாம் வரியின் ‘என்’ வரும்போதுதான் காந்தாரம் முதன்முறையாக ஒலிக்கும், பாடலுக்கு முகம் கிடைக்கும். ‘பெயரை’ பஞ்சமத்தைத் தாண்டி ஏறி இறங்கும். ‘சொல்’லோடு எல்லாம் நிற்கும். மேல் ஷட்ஜத்தில் ‘நான்’ தனியாக, பியானோ இல்லாமல். கடைசியில் ‘பார்க்கிறேன்’ ரிஷபத்தில் முடியும், ஷட்ஜத்துக்கு இறங்காது. பெயர் சொல்லப்பட்டதா என்று கவிதை சொல்லவில்லை, ஆகவே இசையும் சொல்லக் கூடாது.

பியானோவில் சுரம் அடித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். ஹார்மோனியத்துக்கு அந்தக் குணம் இல்லை. துருத்தி இயங்கும்வரை ஒலி ஒரே அளவில் நிற்கும். இந்தத் தேய்வை மதியுங்கள். ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) வாசித்துப் பெடலை மிதித்து, அது தானாக அடங்கும்வரை காத்திருந்து, பிறகு குரலை நுழையுங்கள். வேகமான வாசிப்பால் கிடைக்காத கனம் அதில் கிடைக்கும்.

உண்மையான பியானோ வீட்டில் இல்லையென்றால் குறையில்லை. தொடுதலுக்கேற்ப ஒலி மாறும் 61 கட்டைக் கீபோர்டும், தனியாக வாங்கிய ஒரு சஸ்டெயின் பெடலும் முதல் பாடலுக்குப் போதும். தானியங்கித் தாளப் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். எழுதி வைக்க மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தேவாலயத்திலோ கல்லூரியிலோ பழைய பியானோ இருந்தால், பாடகரை அழைப்பதற்கு முன் செல்போன் டியூனரால் சுருதியைச் சோதியுங்கள். நம் ஊர் வெயிலும் மழைக்கால ஈரமும் மரத்தையும் கம்பியையும் மாற்றிவிடும். பியானோ முழுவதுமே கால் கட்டை இறங்கியிருக்கலாம். சுருதி சேர்ப்பவர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும் என்பதால் நிகழ்ச்சிக்கு வெகு முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

வசைச்சொல் வரும் இடம்

கல்லனின் கவிதையில் உள்ளதுபோல இழிசொல் வரியிலேயே இருந்தால் என்ன செய்வது? சித்தர் பாடல்களிலும் சாதிப் பெயர்கள் வருகின்றன. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம் என்னும் அளவுக்கு அந்தச் சொற்களுக்குக் கனம் இருக்கிறது. மெட்டமைப்பவர் அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். சொல்லை அப்படியே பாடுவது, பாடாமல் பேசுவது, குரல் மௌனமாகி, அந்த இடத்தைப் பியானோ நிரப்புவது. அந்தச் சொல்லால் தாக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் பாடினால் முடிவு முழுக்க அவருடையது. மற்றவர் பாடினால் மூன்றாம் வழியையே நான் கேட்டுக்கொள்கிறேன். மௌனத்தின் நீளம் சரியாக அந்தச் சொல்லின் அசைகள் அளவுக்கு இருக்கட்டும். கேட்பவர் மனத்துக்குள் அதைத் தானே சொல்லிக்கொள்வார். தனக்குள் அந்தச் சொல் இருப்பதை அப்போது அறிவார். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இழிசொல்லை அழகான சங்கதி போட்டு மெருகேற்றிப் பாட வைக்காதீர்கள். எந்தக் கைத்தட்டலுக்காகவும் வேண்டாம்.

ஒத்திகை

பாடகரோடு உட்காரும் முதல் நாளில் பாட வேண்டாம். கவிதையைப் பேசட்டும். யார் எழுதியது, எப்போது, எந்த ஊரில் என்று சொல்லுங்கள். அடுத்த நாள் மெட்டைப் பியானோ இல்லாமல் பாடட்டும். அதன் பிறகே துணை வாசிப்பு. என்னிடம் பாட வந்த ஒரு கல்லூரி மாணவி, “அக்கா, இந்த இடத்தில் நான் அழுவதுபோலப் பாட வேண்டுமா?” என்று கேட்டாள். “வேண்டாம் அம்மா. நடந்ததை நடந்தபடி சொல், அது போதும்” என்றேன். அவள் அந்த வரியைத் தட்டையாக, சாட்சி சொல்பவர்போலப் பாடினாள். அறையில் இருந்த மற்ற பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மெட்டமைப்பவராக நீங்கள் செய்ய வேண்டியது, அப்படிப் பாடுவதற்கு இடம் விட்டு எழுதுவது. தழுதழுப்பை இசைத்தாளில் எழுதி வைத்தால் பாடகருக்கு வேறு வழியே இருக்காது.

எண்ணிக்கை பிசகினால் மெட்ரோனோம் வைத்துப் பழகலாம். ஆனால் மேடையில் குரலின் மூச்சைப் பியானோ பின்தொடர வேண்டும். வாசிப்பவர் பாடகரின் தோளைப் பார்க்கும்படி பியானோவைத் திருப்பி வையுங்கள். மூச்சு எடுக்கும்போது தோள் முதலில் காட்டிக்கொடுத்துவிடும்.

மேடை

சிறிய அறையே நல்லது. கல்லூரி வகுப்பறை, நூலகக் கூடம், தேவாலயத்தின் பக்க மண்டபம் போன்றவை போதும். ஒலிபெருக்கி வேண்டியிருந்தால் குரலுக்கு மட்டும் வையுங்கள். எதிரொலி ஏற்றிக் குரலை மிதக்க விட வேண்டாம், சொல் கரைந்துபோகும். கவிதையை அச்சிட்டுக் கொடுங்கள். ஆங்கிலக் கவிதை என்றால் தமிழ் உரைநடையில் பொருளும் இருக்கட்டும். தாளின் தலைப்பில் கவிஞரின் பெயர் முதலிலும், மொழிபெயர்ப்பாளர் பெயர் அடுத்தும், மெட்டமைத்தவர் பெயர் அதற்குக் கீழும் வர வேண்டும். பாடலுக்கு முன் கவிதையை ஒருவர் வாசிப்பது நல்லது. பாடி முடித்ததும் அடுத்த பாடலுக்கு ஓடாமல், கேட்டவர்கள் பேச நேரம் ஒதுக்குங்கள். அப்போது எழுந்து பேசுபவர் உங்கள் மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தன் ஊரில், தன் தெருவில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். நிகழ்ச்சி நேரத்தைத் திட்டமிடும்போதே அதற்கென்று அரை மணி நேரம் சேர்த்து மண்டபத்தைப் பதிவு செய்யுங்கள்.